ஞானபூரணம் டீச்சர் தட்டிய கதவு

போட்டிக்குப் போகும் நாளில் ஞானபூரணம் டீச்சர் விடியும் முன்னே எழுந்துவிடுவார். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் கலந்து, பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பாட்டில் ஊற்றி வைப்பார். சாயங்காலம் அந்தப் பாட்டில்கள் போனபடியே திரும்பி வரும். புளிப்பு கூடிவிட்டது போல என்று நினைத்து ஒரு வருடம் சர்க்கரையைக் கூட்டினார். மறு வருடம் மோர் கொடுத்துப் பார்த்தார். மோரும் திரும்பி வந்தது.

இந்தப் பங்குனியில் அவர் இறந்தார். சங்கரன்கோவிலில் ஒரு பெண்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. திருவேங்கடம் பக்கத்துக் கரிசல் ஊர்க்காரி. சிறுவயதில் எண்ணூறு மீட்டர் ஓடி மாவட்ட அளவில் பரிசு வாங்கியவர். தன் கோ-கோ அணியை இறக்கும் முன் செருப்பைக் கழற்றிவிட்டு ஆடுகளம் முழுக்க ஒரு நடை நடப்பார். நெருஞ்சி முள்ளோ கண்ணாடிச் சில்லோ கிடந்தால் முதலில் தன் காலில் ஏறட்டும் என்பது அவர் கணக்கு. வெயில் ஏறிவிட்டால் பயிற்சியை நிறுத்திவிடுவார். சாப்பிடாமல் வந்தவளை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்து, இட்லி வாங்கிக் கொடுத்து உட்காரவைப்பார். கணுக்கால் பிசகியவளை, அவள் எவ்வளவு கெஞ்சினாலும் இறக்கமாட்டார். அதனால் கைவிட்டுப்போன கோப்பைகள் உண்டு. தலைமையாசிரியை முகம் சுளித்ததும் உண்டு. அவர் அதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை.

இவ்வளவு பார்த்தவருக்குப் பாட்டில் விஷயம் மட்டும் பிடிபடவில்லை.

மாரிசெல்வி மயங்கி விழுந்த அன்றுதான் பிடிபட்டது. புளியங்குடியில் ஆட்டம். ஆவணி மாதம், ஆனால் சித்திரை வெயில். அணியிலேயே வேகமான ஓட்டக்காரி அவள். கம்பத்தைச் சுற்றித் திரும்பும்போது கால் பின்னி அப்படியே சரிந்தாள். உடம்பு கொதித்தது, நாக்கு வறண்டு கிடந்தது. அரசு ஆஸ்பத்திரியில் ட்ரிப்ஸ் ஏற்றினார்கள். அவளுடைய அப்பா உச்சிமாகாளி விசைத்தறிக் கூடத்தில் தறியை நிறுத்திவிட்டு வந்து சேர்ந்தார். சத்தம் போடவில்லை. இனி விளையாட்டு வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு இளநீர் வாங்கப் போனார்.

டீச்சர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "ஏட்டி, பாட்டில் நெறையத் தந்தேம்லா. ஏன் குடிக்கல?"

மாரிசெல்வி கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "குடிச்சா பெறவு எங்கன டீச்சர் போக?"

அப்புறம் எல்லாம் வந்தது. மைதானங்களில் பெண்பிள்ளைகள் ஒதுங்க இடம் கிடையாது. இருக்கிற கழிப்பறையும் பூட்டிக் கிடக்கும், இல்லையென்றால் தாழ்ப்பாள் இருக்காது. பையன்கள் மதில் பக்கம் போய்விடுவார்கள். ஆகவே போட்டி நாளில் எழுந்தது முதல் வீடு திரும்பும்வரை தண்ணீரைத் தொடக்கூடாது. மூத்தவர்கள் இளையவர்களுக்குச் சொல்லிக் கொடுத்த சட்டம் இது. டீச்சரிடம் சொல்ல எல்லாருக்கும் கூச்சம்.

ஞானபூரணமும் அப்படி ஓடியவர்தான். ஆசிரியையான பிறகும் வெளியூர் போனால் வீடு திரும்பும்வரை வாய் நனைக்கமாட்டார். அது ஒரு கஷ்டம் என்ற நினைப்பே போய், உடம்பின் சுபாவம் போல ஆகிவிட்டிருந்தது. தன்னிடமே இருந்ததால் பிள்ளைகளிடம் இருப்பது கண்ணில் படவில்லை. கடைசியில் அவருடைய சிறுநீரகங்கள் கெட்டபோது, இதுதான் காரணமா என்று வீட்டார் டாக்டரிடம் கேட்டார்கள். அடிக்கடி சிறுநீர்த் தொற்று வந்திருக்கிறது, அதற்கும் பங்கு இருக்கலாம், நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். தெரிந்தது அவ்வளவுதான்.

மாரிசெல்வி தேறிய பிறகு டீச்சர் உச்சிமாகாளியின் வீட்டுக்குப் போனார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். தப்பு பிள்ளை மேல் இல்லை, பார்க்காமல் விட்டது தான்தான் என்றார்.

"ஒரே ஒரு மேட்ச், அண்ணாச்சி. நீங்களும் வாங்க. பிள்ள தள்ளாடுனா கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிருங்க. பெறவு ஒங்க வாசல மிதிக்கமாட்டேன்."

"வாரேன் டீச்சர். கூட்டிட்டு வரத்தான வண்டி வேணும், பெட்ரோல் போட்டு வச்சுக்கிடுதேன்" என்றார் உச்சிமாகாளி. உள்ளே மாரிசெல்விக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

அந்த ஆட்டம் கடையநல்லூரில். எதிரணி சிவகிரி. மைதானத்துக் கழிப்பறையில் பூட்டுத் தொங்கியது. சாவி வைத்திருந்தவர் கல்யாண வீட்டுக்குப் போயிருந்தார். டீச்சர் சாவிக்காகக் காத்திருக்கவில்லை. எதிரே பச்சை கேட் போட்ட மாடி வீடு தெரிந்தது. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டிப் போய்க் கதவைத் தட்டினார். மெஹர்பானு என்ற இளம்பெண் திறந்தாள். கணவன் துபாயில், வீட்டில் அவளும் மாமியாரும்தான்.

"நான் சங்கரன்கோவில் பி.டி. டீச்சர்மா. என் பிள்ளையளுக்கு ஒங்க பாத்ரூம் வேணும்."

மெஹர்பானு எட்டிப் பார்த்தாள். கேட்டை ஒட்டி ஒரு பட்டாளமே நின்றது. "யா அல்லா, எங்க வீட்டுப் பெருநாளைக்கே இவ்வளவு பேரு வரமாட்டாங்களே" என்றாள். பிறகு உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள். "மாமி, மோட்டாரப் போடுங்க."

டீச்சர் கேட் வாசலிலேயே நின்றுகொண்டார். முதலில் பாட்டிலைத் திறந்து குடிக்க வேண்டும், அப்புறம்தான் உள்ளே. குடிப்பது போல நடித்தவளை மறுபடி குடிக்க வைத்தார். வரிசை மெதுவாக நகர்ந்தது. மைக்கில் சங்கரன்கோவில் அணியைக் கூப்பிட்டார்கள். இன்னொரு தடவையும் கூப்பிட்டார்கள். போட்டியை நடத்திக்கொண்டிருந்த பிரின்ஸ் மாஸ்டர் விசிலும் கையுமாக ஓடி வந்தார்.

"ஒரு அரை மணி நேரம் அடக்கிக்கிடக் கூடாதா டீச்சர்? வாக்ஓவர் குடுத்துருவாங்க."

"காலைல இருந்து நீங்க எத்தன தடவ மதில் பக்கம் போனீய, சார்?"

பிரின்ஸ் மாஸ்டர் தன் ஷூவைப் பார்த்தார்.

வாக்ஓவர் என்றால் ஆடாமலே எதிரணிக்கு வெற்றி, ஆட்டம் இல்லை. ஆட்டம் இல்லையென்றால் உச்சிமாகாளி ஒப்புக்கொண்ட அந்த ஒரு வாய்ப்பும் இல்லை. மதிலோரம் வண்டியில் சாய்ந்தபடி அவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சருக்கும் அது தெரியும். மாரிசெல்வி டீச்சர் முகத்தையே பார்த்தாள்.

"குடுத்தா குடுக்கட்டும் சார். தண்ணி குடிக்காத பிள்ளைய நான் எறக்கமாட்டேன்."

பிரின்ஸ் மாஸ்டர் திரும்பிப் போனார். வாக்ஓவர் கொடுக்க வேண்டுமானால் எதிரணியாவது களத்தில் நிற்க வேண்டும். களத்தில் ஒருத்தியும் இல்லை. சிவகிரிப் பிள்ளைகள் பச்சை கேட் வரிசையின் வாலில் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுடைய டீச்சர் எல்லார் பையையும் தோளில் மாட்டிக்கொண்டு, பிரின்ஸ் மாஸ்டர் இருந்த திசையைப் பார்க்காமல் நின்றார். நடுவர் நாற்காலியை நிழலுக்கு இழுத்துப் போட்டு டீ வாங்கிவரச் சொன்னார்.

ஆட்டம் தாமதமாகத் தொடங்கியது. இடைவேளையில் பிள்ளைகள் மறுபடி குடித்தார்கள், மறுபடி பச்சை கேட்டுக்கு ஓடினார்கள். கடைசி இன்னிங்ஸில் மாரிசெல்வி ஓட இறங்கினாள். துரத்தியவர்கள் மாறி மாறி எழுந்தார்கள், அவள் பிடிபடவில்லை. ஒரு கட்டத்தில் முழங்காலில் கைவைத்துக் குனிந்தாள். டீச்சர் எழுந்துவிட்டார். மதிலோரம் உச்சிமாகாளியும் வண்டியை விட்டு நிமிர்ந்தார். அவள் மூச்சை இழுத்துவிட்டு மறுபடி ஓடினாள். கடைசியில் இரண்டு காலும் கோட்டுக்கு வெளியே போய்விட்டதாக நடுவர் விசில் ஊதினார். சங்கரன்கோவில் ஒரு பாயிண்டில் தோற்றது.

உச்சிமாகாளி விறுவிறுவென்று வந்தார். மகளை அழைத்துப் போகத்தான் வருகிறார் என்று டீச்சர் அவளுடைய பையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"ஒத்தக் கால் உள்ளதான டீச்சர் இருந்துச்சு? அந்த ஆளு கண்ண எங்கன வச்சிருந்தான்?"

டீச்சர் பையைக் கீழே வைத்தார்.

"அடுத்த மேட்ச் எங்க?"

"திருவேங்கடத்துல, அண்ணாச்சி. முந்துன நாளே போயி ஒரு வீடு பாக்கணும்."

"நீங்க எதுக்கு அலையுதிய? அங்கன கிரவுண்டுக்குப் பின்னாடி என் மச்சினன் வீடுதான். சொல்லி வைக்கேன்."

"தாழ்ப்பாள் இருக்கா?"

உச்சிமாகாளி யோசித்தார். "இல்ல" என்றார். "நானே போயி மாட்டிட்டு வந்துருதேன்."