திரும்பி வந்த துவக்கு

மூன்றாவது துப்பாக்கி வேலைத்தலத்தின் கதவைத் திறந்ததும், மரப்பிடிக்குப் பூசும் லின்சீட் எண்ணெய் மணத்தது. துப்பாக்கிச் சுடும் போட்டிகளுக்குப் போகும் என் மகள் ஆரணி, தன் உடம்புக்கு அளவாக ஒரு ரைபிள் செய்விக்க லண்டன் முழுக்க ஆள் தேடுகிறாள். முதல் இடத்திலேயே முடித்திருக்கலாம் என்று எனக்கு எரிச்சல். அந்த மணம்தான் அம்மாவை நினைவூட்டியது.

இலங்கையில், வவுனியாவில் எங்கள் வயலுக்குக் காட்டுப்பன்றிகள் வரும். வீட்டுத் துவக்கு, அந்த வேட்டைத் துப்பாக்கி, அம்மாவின் பெயரில் இருந்தது. அம்மா ஆள் கட்டை; தோளில் அணைக்கும் அதன் நீள மரப்பிடி ஒவ்வொரு வெடிக்கும் அவர் தோளைக் கன்றவைக்கும். பாதி நெல் அழிந்த வருடம், அளவான பிடி செய்விக்க என்னையும் கூட்டிக்கொண்டு டவுனுக்குப் போனார். கடைக்காரர்கள் பளபளக்கும் துவக்குகளை நீட்டினார்கள். அம்மா தொடவில்லை.

"அண்ணை, நீங்கள் செய்ததிலை பிழையாகித் திரும்பி வந்தது ஒண்டைக் காட்டுங்கோ."

இரண்டு பேர் அப்படி ஒன்றுமே இல்லை என்றார்கள். இதே எண்ணெய் மணந்த கடையில் மூன்றாமவர் மேசைக்கடியிலிருந்து பிளந்துபோன பிடியொன்றை எடுத்தார்.

"ஈர மரம், தங்கச்சி. நான்தான் அவசரப்பட்டிட்டன்."

"அப்ப நீங்களே செய்யுங்கோ."

அதற்குப் பிறகு அம்மாவின் தோள் கன்றியதேயில்லை.

இங்கே லண்டனில், வேலைத்தலத்து வெள்ளைக்காரர் தன் அழகான ரைபிள்களைப் பரப்பினார். ஆரணி அவற்றைத் தொடாமல், திருத்தச் சொல்லித் திரும்பி வந்தது ஏதும் இருக்கிறதா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அவர் பின்னறைச் சாவியை எடுத்தார்.

அம்மாவின் கதையை நான் அவளுக்கு ஒருநாளும் சொன்னதில்லை.

"ஏன் அம்மா சிரிக்கிறீங்க?" ஆரணி என்னைக் கேட்டாள்.

"ஒண்டுமில்லைப் பிள்ளை. ஆறுதலா, நேரமெடுத்துப் பார்."