சூளைக் கொட்டகையின் தற்போதைய நிலை

நீதிமன்றச் செய்தி எழுதுகிறவனுக்கு வழக்கு புரிந்தாக வேண்டும் என்று கட்டாயமில்லை. புரிந்ததுபோல மாலைக்குள் எழுதிக் கொடுத்தால் போதும். படித்துக் குழம்பியவர்களுக்கு ஆறுதலாகச் சொல்கிறேன்: எழுதியவனும் உங்கள் கட்சிதான்.

ஒரு சொல்

விருத்தாசலத்தில் பீங்கான் அகல்விளக்கு செய்யும் பெண்கள், சங்கங்கள் பதிவுச் சட்டப்படி முறையாகப் பதிவு செய்து ஒரு சங்கம் நடத்துகிறார்கள். அவர்களுடைய சூளைக் கொட்டகையை அரசு வேறொரு துறைக்கு மாற்றி ஆணை போட்டது. அவசரத்தில் நான் 'கூட்டுறவு சங்கத்தின் கொட்டகை' என்று எழுதிவிட்டேன். மறுநாள் காலை, பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் சங்கச் செயலாளர் செல்வி பேப்பரும் கையுமாக நின்றார்.

"கூட்டுறவுன்னு நெனச்சுதான் சார் அவங்களும் ஆர்டர் போட்டாங்க. அது வேற சட்டம், அதுலதான் அரசு இப்படி மாத்த முடியும். நாங்க வேற சட்டம். நீங்களாவது சரியா எழுதக் கூடாதா?"

இரண்டு நறுக்குகள்

திருத்தம் போட்டோம், கீழ் மூலையில், பொடி எழுத்தில். ஆணையை எதிர்த்துச் சங்கம் போட்ட வழக்கு விசாரணைக்கு வந்த அன்று பார்த்தால், அரசுத் தரப்பு என் செய்தியை நறுக்கி இணைத்திருந்தது. செல்வியின் வக்கீல் என் திருத்தத்தை நறுக்கி இணைத்திருந்தார். வராந்தாவில் அவர் என் தோளைத் தட்டினார்.

"ரெண்டு கட்டுலயும் நீங்கதான் இருக்கீங்க. யார் பக்கம்ணே நீங்க?"

தற்போதைய நிலை

'தற்போதைய நிலை தொடர வேண்டும்' என்று இடைக்கால உத்தரவு வந்தது. இரு தரப்பும் ஜெயித்ததாகச் சொல்லி லட்டு கொடுத்தார்கள். இரண்டையும் தின்றேன். உத்தரவை மூன்று முறை படித்தேன், லட்டுதான் புரிந்தது.

கொட்டகை வாசலில், உத்தரவுக்கு முன்பே அரசு போட்டிருந்த பூட்டைக் காட்டி, "பூட்டியிருக்கறதுதாம்மா தற்போதைய நிலை" என்றார் வருவாய்த் துறை அலுவலர். உள்ளே தட்டுத் தட்டாகச் சுடாத அகல்கள். கார்த்திகைக்கு முன் சூளை ஏறாவிட்டால் அந்த வருட உழைப்பு வீண். செல்வி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"அப்ப அந்த வெளக்கெல்லாம் பச்சையாவே இருக்கணும்னு கோர்ட்டு சொல்லுதா சார்?"

கார்த்திகை

பூட்டு திறக்கவில்லை. கார்த்திகை அன்று கடைவீதியில் செல்வியைப் பார்த்தேன். கையில் ஒரு பை, அதில் கடையில் வாங்கிய அகல்கள். நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார்.

"வூட்டுக்கு வெளக்கு வேணுமில்ல சார். இதுதான் என் தற்போதைய நிலை. இதுக்குத் திருத்தம் போட்டுடாதீங்க."

வழக்கு நிலுவையில் இருக்கிறது என்று அடுத்த வாரம் எழுதினேன். அதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை, கொட்டகை யாருடையது என்பதும் இல்லை.