மூன்று மில்லிமீட்டர் மலை

கொழிஞ்சாம்பாறையில் பிறந்து வளர்ந்தவனுக்கு மேடு என்றால் வரப்பு, பள்ளம் என்றால் வாய்க்கால். இந்த அறிவை வைத்துக்கொண்டுதான் நான் ஆர்க்கிடெக்ட் ஆனேன். இருபத்தைந்து வருடமாக வீடு கட்டுகிறேன், எல்லாம் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுவது என்று யோசிக்கும் அளவுக்குச் சமமான மனைகளில். வாரத்தில் இரண்டு நாள் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் கடைசி வருடப் பிள்ளைகளின் புராஜெக்டுக்கு வழிகாட்டியாகவும் இருக்கிறேன். வழிகாட்டி என்பது கல்லூரிக் காகிதத்தில் உள்ள சொல். பிள்ளைகள் எனக்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். அது என்னவென்று இதுவரை ஒருத்தரும் என் காதில் போடவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்த வருடம் என்னிடம் வந்த பிள்ளைகளில் ஒருத்தி வண்டிப்பெரியாருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவள். அம்மா அங்கே கொழுந்து கிள்ளுகிறார். லயம் என்று சொல்லும் பழைய வரிசை வீடுகளை எடுத்துவிட்டு, அதே மலைச்சரிவில் இருபத்துநாலு குடும்பங்களுக்குப் புது வீடு. இதுதான் அவளுடைய புராஜெக்ட். அதில் வீட்டைவிட முக்கியமானது ஒரு பாதை. அவர்கள் லயத்தில் யாருக்காவது உடம்பு முடியாமல் போனால், கம்பளியில் கிடத்தி நாலு பேர் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு இறங்குவார்களாம். அவள் அப்பாவையும் அப்படித்தான் இறக்கியிருக்கிறார்கள். மேல் வரிசையிலிருந்து ரோடு வரை சக்கர நாற்காலியை ஒரே ஆள் தள்ளிப் போகிற மாதிரி ஒரு சரிவுப்பாதை போட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அப்படிப்பட்ட பாதைக்குக் கணக்கு உண்டு: ஒரு மீட்டர் ஏற பன்னிரண்டு மீட்டர் நீளம்.

முந்தைய தடவை நடுவர்கள் அவளைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். இந்தத் தடவையும் அனுப்பினால் ஒரு வருடம் போய்விடும். அம்மாவுக்கு அந்த மே மாதம் ஓய்வு. ஓய்வு வந்தால் லயத்தைக் காலி செய்ய வேண்டும். கொச்சியில் ஒரு ஆபீஸில் அவளுக்காக ஒரு நாற்காலியைக் காலியாக வைத்திருந்தார்கள், தேறி வந்தால்.

இப்போது என் பங்கு. மலையை மாடலாகச் செய்வது தோசையை அடுக்குவது மாதிரி. ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களையெல்லாம் ஒரு கோடாக வரைந்திருப்பார்கள். அந்தந்தக் கோட்டுப்படி ஒவ்வொரு அட்டையாக வெட்டி, ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டினால் மலை. அவள் கையிலிருந்த சர்வேயில் கோட்டுக்குக் கோடு ஒரு மீட்டர் உயரம். இருநூறில் ஒரு பங்காகச் சுருக்கினால் அட்டை ஐந்து மில்லிமீட்டர் கனம் இருக்க வேண்டும். பொள்ளாச்சி போய் வந்தவள், கடையில் ஐந்து இல்லை, மூன்றுதான் இருக்கிறது, அடுத்த வாரம் வருமாம் என்றாள்.

"அட, மூணுல வெட்டிப்போடு கண்ணு," என்றேன். "யாரு ஸ்கேல வெச்சு அளந்து பாக்கப் போறாங்க?"

சொன்னது இதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. எனக்கென்று ஒரு வேதவாக்கு உண்டு, எல்லா பேட்சுக்கும் சொல்வேன்: "கம்ப்யூட்டர நம்பாதீங்க, மாடல நம்புங்க. மாடல்ல அளந்து படம் போடுங்க." நல்ல பிள்ளை, நான் சொன்னபடியே செய்தாள்.

நடுவர் குழு வருகிற நாள் காலை ஒன்பதரை. அவள் முறை பன்னிரண்டு மணிக்கு. பிரிண்ட் எடுக்க அவள் ஓடியிருந்தாள். ஸ்டூடியோவில் நானும் அவள் அம்மாவும் மட்டும். முந்தின நாளே பஸ் மாறி மாறி வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்தார். மகள் செய்ததை முதல்முறையாகப் பார்க்கிறார். நான் பெரிய மனுசத் தோரணையில் மாடலைச் சுற்றிக் காட்டினேன்.

"இது ரோடு, இது உங்க லயம் இருக்கற எடமுங்க. மேல பாருங்க, புது வீடு."

அந்த அம்மா இரண்டு விரலை ரோட்டில் ஊன்றி, ஆள் நடப்பது போல மெல்ல மேலே ஏற்றினார். பாதி வழியில் விரல் நின்றது. குனிந்து மேசை மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுவந்து பார்த்தார்.

"சார், இது எங்க மலைதானா?"

"ஏனுங்க, சந்தேகமா?"

"இல்ல, இப்பிடிப் படுத்துக் கெடக்கே."

"மாடல்னா எல்லாம் சின்னதாத்தான் தெரியுமுங்க," என்று சிரித்தேன்.

"சின்னதானா எல்லாமே சின்னதாகணும்ல சார்? வீடு வீடு மாதிரி இருக்கு. வாசல்ல நிக்கிற ஆளுகூட சரியாத்தான் இருக்கான். மலை மட்டும் எப்பிடிக் குட்டையாச்சு?"

என் சிரிப்பு முகத்திலேயே காய்ந்தது. ஸ்கேலை எடுத்தேன். ரோட்டிலிருந்து மேல் வரிசை வரை பன்னிரண்டு அட்டை. அறுபது மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் முப்பத்தாறு. பன்னிரண்டு மீட்டர் மலையை நான் ஏழு மீட்டர் சொச்சத்துக்கு இறக்கியிருக்கிறேன். அவள் சுவரில் ஒட்டிவைத்திருந்த படத்தைப் பார்த்தேன். பாதையின் நீளம் எண்பத்தாறு மீட்டர் என்று அழகாக எழுதியிருந்தது. மாடலில் அளந்த உயரத்தைப் பன்னிரண்டால் பெருக்கிய கணக்கு. நிஜ மலையில் அந்தப் பாதை ஏழு மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறும். சக்கர நாற்காலியைத் தள்ளுகிறவர் பாதியிலேயே உட்கார்ந்துவிடுவார். இறங்கும்போது கை நழுவினால் நாற்காலி நேரே ரோட்டுக்கு.

"ஏதும் தப்பா சொல்லிட்டேனா சார்?"

"இல்லீங்க. நீங்க உக்காருங்க, நான் ஒரு டீ குடிச்சுட்டு வந்தர்றேன்."

டீ குடிக்கப் போகவில்லை. வராந்தாவில் நின்றேன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பனைகளை ஒரே பக்கமாகச் சாய்த்துக்கொண்டிருந்தது. மனதுக்குள் ஒருத்தன் நல்ல நல்ல யோசனையாகச் சொன்னான். நடுவர்கள் களைத்துப்போய் வருவார்கள். ஒரு நாளில் எத்தனை மாடல் பார்ப்பார்கள்? சமவெளிக்காரர்களாகவே இருப்பார்கள். எனக்கே தெரியாதது அவர்களுக்கு எப்படித் தெரியும்? பிள்ளை தேறட்டும், பிறகு திருத்திக்கொள்ளலாம். இன்னொரு யோசனையும் இருந்தது, சொல்ல வெட்கமாக இருக்கிறது: பழியைச் சர்வேயர் மேல் போட்டுவிடலாம்.

அவள் பிரிண்டுகளைக் காற்றில் பறக்காமல் கட்டிப்பிடித்துக்கொண்டு படியேறி வந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் நின்றாள்.

"என்ன சார்?"

"மலை குட்டை கண்ணு."

புரியாமல் உள்ளே போனாள். ஸ்கேல் மாடல் மேலேயே கிடந்தது. அளந்தாள், மறுபடி அளந்தாள். சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்து கைக்குட்டையை வெளியில் எடுத்து வைத்திருந்தேன். அழவில்லை.

"எனக்கு அப்பவே ஒரு மாதிரி இருந்துச்சு சார்," என்றாள். "நம்ம மேடு இவ்வளவு லேசா இல்லையேன்னு. நீங்க சொன்னீங்கன்னு விட்டுட்டேன்."

பிறகு குரல் உயர்ந்தது. "நீங்கதான சார் சொன்னீங்க! யாரு அளக்கப் போறான்னு நீங்கதான சொன்னீங்க!"

"ஏட்டி, சார்ட்ட இப்பிடியா பேசுவ?" என்றார் அம்மா.

"பேசட்டுமுங்க. இன்னுங் கொஞ்சம் பேசுனாலும் தகும்."

நடுவர்களிடம் தப்பைச் சொல்லாமல் காட்டிவிடலாமா என்று அவளிடம் கேட்டேன். ஆமாம், கேட்டேன். முடிவை அவள் தலையில் இறக்கிவிட்டு நான் நல்லவனாக நிற்கப் பார்த்தேன். பிளேடை எடுத்தாள்.

மணி பத்து. பன்னிரண்டு மீட்டர் ஏற நூற்று நாற்பத்துநாலு மீட்டர் பாதை வேண்டும், ஐம்பத்தெட்டு மீட்டர் கூடுதல். இன்னும் இரண்டு வளைவு வைத்தால்தான் கொள்ளும். வளைவு திரும்ப இடம் வேண்டும். டிரேசிங் பேப்பரை விரித்து நான் ஒரு பக்கம் பிடித்தேன், காற்றுக்கு மறுபக்கம் அம்மாவின் சாப்பாட்டுத் தூக்கை வைத்தோம். கோடு போட்டாள், அழித்தாள், மறுபடி போட்டாள். நான் பக்கத்தில் நின்று பென்சில் சீவினேன். அந்தக் காலைப்பொழுதில் எனக்குத் தைரியமாகச் செய்ய முடிந்த வேலை அது ஒன்றுதான்.

பத்தே முக்காலுக்கு அவள் நிமிர்ந்தாள். "ரெண்டு வீட்ட எடுக்கணும்."

மாடலில் நடு வரிசைக் கடைசியில் இருந்த இரண்டு வீட்டைப் பிளேடால் நெம்பிப் பிய்த்தாள். பசையோடு அட்டைத் தோலும் வந்தது.

"அது யாரு வீடு?" என்று பதறினார் அம்மா.

"யாரு வீடும் இல்லம்மா. மாடல்."

"ஆளில்லாத வீட்டுக்கா ராவும் பகலும் உக்காந்து ஜன்னல் வெட்டுன? இருபத்துநாலு வீடு கட்டித் தாரேன்னு ஊர்ல நான் சொல்லிட்டு வந்திருக்கேன்."

"பாதையா, வீடா? நீயே சொல்லு."

அம்மா பிய்ந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாதை," என்றார் கடைசியில். "ஆனா அந்த ரெண்டு குடும்பத்துக்கு நீ போய் சொல்லு. என்னால முடியாது."

மாடலை உயர்த்த நேரமில்லை. ஹாஸ்டல் அறைத் துடைப்பத்திலிருந்து ஈர்க்குச்சி உருவி வந்தாள். ஒவ்வொரு வரிசையிலும் ஒரு குச்சி குத்தி, நிஜ மலை எந்த உயரம் வரை வருமோ அங்கே சிவப்பு மையால் கோடு போட்டாள். மேல் வரிசையில் குச்சி கூரைகளுக்கு மேல் நீட்டிக்கொண்டு நின்றது. மொத்தத்தில், மலை செத்துப்போய் ஊதுபத்தி கொளுத்திவைத்த மாதிரி இருந்தது. இதை அவளிடம் சொல்லவில்லை. எனக்கும் கொஞ்சம் விவரம் உண்டு.

பன்னிரண்டு மணிக்கு நடுவர் குழு. தலைமை தாங்கிய அம்மையார் பாலக்காடு டவுனின் பழைய தெருவொன்றில் பிறந்தவர், என் வயதுதான். பேனாவை மூடி மூடித் திறப்பார். அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் ஆரம்பித்துவிட்டாள்.

"மேடம், இந்த மாடல் தப்பு."

பேனா நின்றது. "தப்புன்னு தெரிஞ்சுண்டே கொண்டு வந்து வெச்சிருக்கியா?"

"இன்னைக்குக் காலைலதான் தெரிஞ்சுது. மலைய அஞ்சுல வெட்டணும், மூணுல வெட்டிட்டேன். அத அளந்து போட்டதால பாதையும் தப்பு. திருத்தினது இது." டிரேசிங் பேப்பரை நீட்டினாள். "இதுல ரெண்டு வீடு போயிருச்சு. ஆனா பாதை ஏறும்."

அம்மையார் பேப்பரை வாங்கி, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பையிலிருந்து சொந்த ஸ்கேலை எடுத்தார். வளைவு வளைவாக அளந்தார். முதல் வளைவு, இரண்டாவது. மூன்றாவதில் நிறுத்தி, உதட்டைச் சுழித்துக்கொண்டு மறுபடி அளந்தார். அவள் மாடலின் ஓரத்தை இறுகப் பிடித்திருந்தாள்.

"மூணாவது திருப்பத்துல நாற்காலி திரும்புமோ?"

"திரும்ப ஒன்றரை மீட்டருக்குச் சமமா தட்டு விட்டிருக்கேன் மேடம். கரெக்டா திரும்பும். ரெண்டு நாற்காலி எதிரும்புதிருமா வந்தா ஒண்ணு நிக்கணும்."

"மூணுல வெட்டச் சொன்னது ஆரு?"

அவள் குனிந்து ஒரு ஈர்க்குச்சியை நேராக்கினாள். இந்த ஒரு தடவையாவது யாரும் கேட்பதற்கு முன்னால் கையைத் தூக்கியிருக்கலாம். கேட்ட பிறகுதான் தூக்கினேன், பரீட்சையில் கூடுதல் பேப்பர் கேட்கிற பையன் மாதிரி.

"நாந்தானுங்க. மாடல அளந்து படம் போடச் சொன்னதும் நாந்தான்."

"நன்னா இருக்கு," என்றார். "நீங்க மலைப்பக்கம் வீடு ஏதும் கட்டியிருக்கேளோ?"

"இல்லீங்க."

"ரொம்ப சந்தோஷம். கட்டாதீங்கோ."

மற்ற இரண்டு நடுவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு வழியில்லை. மூவரும் கதவுக்கு வெளியே போய்ப் பேசினார்கள். பத்து நிமிஷம் இருக்கும். அவள் அம்மா வராந்தாவில் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு என்னையே பார்த்தார். நான் பனைமரத்தைப் பார்த்தேன்.

உள்ளே வந்து அம்மையார் சொன்னார்: தேர்ச்சி. ஆனால் பத்து நாளுக்குள் படங்களும் மாடலும் சரியான அளவில் வந்து சேர வேண்டும். வராவிட்டால் தேர்ச்சி இல்லை.

இப்போதெல்லாம் என்னிடம் வரும் பிள்ளைகளிடம் முதல் நாளே அட்டையின் கனத்தை அளந்து காட்டச் சொல்கிறேன், காரணம் சொல்லாமல். அவர்களுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது.

அந்தத் தேர்ச்சிக்கு மறுநாளே ஐந்து மில்லிமீட்டர் அட்டை வாங்க நானே கோயம்புத்தூர் போனேன். கட்டுக் கட்டாகத் தூக்கிவந்து, பிராயச்சித்தமாக நானே வெட்டித் தருவதாக வீரமாகச் சொன்னேன். முதல் அட்டையிலேயே கட்டை விரலை வெட்டிக்கொண்டேன். அவள் பிளேடைப் பிடுங்கிக்கொண்டாள்.

"நீங்க வெட்ட வேண்டாம் சார். ஒவ்வொண்ணா ஒட்ட ஒட்ட அளந்து மட்டும் சொல்லுங்க."

மேசைக்கு இந்தப் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஸ்கேலை வைத்தேன்.

"அஞ்சு."

"சத்தமா சார்."

"அஞ்சு."

அடுத்ததை ஒட்டினாள்.

"பத்து."

"நல்லாப் பாருங்க. பசையோட பத்தரை இருக்கு," என்று அதைப் பிய்த்து மறுபடி ஒட்டினாள்.