முவைலா கேம்பில் கட்டிய கொடி

மஞ்சள் பெயிண்ட் காய்வதற்குள் அந்தச் சிவப்பு பெட்ஷீட்டை மெஸ் ஹாலில் கட்டிவிட்டார்கள். ஷார்ஜாவில், முவைலா லேபர் கேம்பில், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். நடுவில் புலி வரைய முயன்றிருந்தான் ஒரு பயல். தலை மட்டும் பூனை மாதிரி வந்திருந்தது. ஈழத்தில் சண்டை முற்றியிருந்த மாதங்கள் அவை. டிவியைப் பார்த்துப் பார்த்து எங்கள் பயல்கள் கொதித்துப் போயிருந்தார்கள். எல்லாரும் தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கம். கட்சிக்கு, நடிகருக்கு, கோயில் திருவிழாவுக்கு என்று மீசை முளைக்கும் முன்பே கொடி கட்டிப் பழகிய கைகள். ஒருவர் மேல் பாசம் பொங்கினால் நம் ஆட்களுக்கு வேறு என்ன செய்யத் தெரியும்? கொடி கட்டுவார்கள்.

பாசம் முழுக்க எங்கள் கேம்பிலிருந்த ஒரே இலங்கைக்காரர் மேல். கிளிநொச்சிக்காரர். எத்தனை தடவை சொன்னாலும் பயல்களுக்கு அவர் யாழ்ப்பாணத்து அண்ணன்தான். ஷட்டரிங் தச்சர், அந்த கேங்குக்கு நான் ஃபோர்மேன். மனைவி எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டாள். மகன் இயக்கத்தில் சேர்ந்து செத்தவன். மிச்சம் ஒரே மகள், ஊரில் அவருடைய தங்கையிடம் வளர்ந்தவள். அவளிடமிருந்து மாதக்கணக்கில் தகவல் இல்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் டெலிபோன் கடைக்குப் போய், வவுனியாவில் தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டு விசாரிப்பார். அன்றும் போயிருந்தார். அவர் வரும்போது அசத்திவிட வேண்டும் என்பது பயல்களின் திட்டம். கொடிக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்து, அதை புளூடூத்தில் ரூம் ரூமாக அனுப்பியும் விட்டார்கள், சனியன்கள்.

வந்தார். எல்லாரும் எழுந்து நின்றார்கள். அவர் கண்ணீர் விட்டுக் கட்டிப்பிடிப்பார் என்று எதிர்பார்த்தார்களோ என்னவோ. "ஆர் இதைக் கட்டினது?" என்று கேட்டுவிட்டு, ஸ்டூலைப் போட்டு ஏறி, முடிச்சை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். ஒரத்தநாட்டுப் பையன் ஒருவன் "துரோகி!" என்று கத்தினான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவனை அறைந்திருப்பேன். அண்ணன் ஸ்டூலை விட்டு இறங்காமலே சொன்னார்: "தம்பி, என்ர மகன்ர பெட்டிக்கு மேல இதைத்தான் போர்த்தினவை. நான் கையெடுத்துக் கும்பிட்டனான். போன வருசம் மகளைச் சண்டைக்கெண்டு இழுத்துக்கொண்டு போன வாகனத்திலயும் இதுதான் கட்டியிருந்ததாம். என்ர தங்கச்சி மண்ணில விழுந்து கதறினவள், விடேல்லை. இதைக் கிழிக்க எனக்கு ஏலாது. இதுக்குக் கீழ இருந்து சோறு தின்னவும் ஏலாது." பெட்ஷீட்டை மடித்தபோது பெயிண்ட் அவர் கையெல்லாம் ஒட்டியது. பிறகு என்னிடம் தனியாகச் சொன்னார்: "பிரச்சினை எண்டு வந்தால் இவங்களை ஊருக்கு அனுப்புவாங்கள். என்னைக் கொழும்புக்கு அனுப்புவாங்கள், அண்ணை. மகன் இயக்கத்தில இருந்தவன், பாஸ்போட்டில பிறந்த இடம் கிளிநொச்சி. நான் இறங்கினால் உள்ளதான். பிறகு பிள்ளையை ஆர் தேடுறது?"

அவர் பயந்த மாதிரியே ஆனது. அந்த போட்டோ எப்படியோ கேம்ப் பாஸ் கைக்குப் போய், அங்கிருந்து ஆபீசுக்குப் போய்விட்டது. அந்த நாட்டில் எந்த அரசியல் கொடியும் கட்டக்கூடாது. போலீஸ் வரும் முன்பே விஷயத்தை முடித்துவிட ஆபீஸ்காரர்கள் துடித்தார்கள். மேனேஜரின் கணக்கு ரொம்ப எளிது: கொடி அவன் ஊர்க் கொடி, கேம்பில் அந்த ஊர்க்காரன் ஒருத்தன்தான், அப்படியென்றால் அவன்தான் கட்டியிருப்பான். "சார், இவர் அவுத்தவர் சார்!" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் கத்தினேன். "கலாஸ்", முடிந்தது, என்று கையைக் காட்டிவிட்டார். கட்டிய வீரர்கள் அத்தனை பேரும் வாசலில்தான் நின்றார்கள். வாயில் கொழுக்கட்டை. அண்ணனும் யார் பெயரையும் சொல்லவில்லை. "சின்னப் பொடியள், கடன் பட்டு வந்தவங்கள்" என்றார். அந்த வாரமே விசாவை கேன்சல் செய்து கொழும்பு விமானத்தில் ஏற்றிவிட்டார்கள்.

போன வருஷம் ஒரு கல்யாணத்தில் அந்த ஒரத்தநாட்டுப் பையனைப் பார்த்தேன். தொப்பையும் காருமாக இருந்தான். காரின் பின்கண்ணாடியில் அதே கொடி, பளபளவென்று ஸ்டிக்கராக. இந்தப் புலிக்கு முகம் நன்றாகவே வந்திருந்தது. "அண்ணே, அந்த யாழ்ப்பாணத்து அண்ணன் என்ன ஆனாரு?" என்று சாவகாசமாகக் கேட்டான். அவனுக்குக் கொடி என்றால் வீரம். எனக்கு அதைப் பார்த்தாலே அண்ணன் கையில் ஒட்டிய பெயிண்ட்தான் ஞாபகம் வருகிறது. யாருக்கு எது சரி என்று சொல்ல நான் யார்? ஆனால் அன்று மட்டும் அவனைச் சும்மா விட மனம் வரவில்லை. ஓரமாக அழைத்துப்போய், இத்தனை வருஷமாக யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன்.

அண்ணன் போனபிறகு ஒரு தகவலும் இல்லை. சண்டை முடிந்து சில வாரம் கழித்து, சைட்டில் நிற்கும்போது என் மொபைல் அடித்தது. இலங்கை நம்பர். கிளம்பும் முன் என் நம்பரை வவுனியாவில் தெரிந்தவர்களிடம் போனில் கொடுத்திருக்கிறார் மனுஷன், என்னிடம்கூடச் சொல்லாமல். வவுனியாவில் சனத்தை அடைத்து வைத்திருந்த முள்கம்பி முகாமுக்குள்ளிருந்து யாருடைய போனிலோ ஒரு பெண்பிள்ளை பேசியது. தான் உயிரோடு இருப்பதாக, அப்பாவோடு ஒருக்கா கதைக்க வேண்டும் என்று. மறைக்கவா முடியும்? கொழும்புக்கு அனுப்பிவிட்டார்கள் என்றேன்.

"கொழும்புக்கோ?"

பின்னால் யாரோ போனைத் திருப்பிக் கேட்கும் குரல்.

"ஐயோ மாமா, அங்க ஏன் அவரை விட்டனீங்கள்?"