அனுசியாக்காவைப் பார்க்க வந்தார்கள்

எங்கள் வீட்டு பிரிட்ஜ் என்னைவிட அதிகமாகத் தெருச் சுற்றியிருக்கிறது. இதைப் பெருமையாகவும் சொல்லலாம், வயிற்றெரிச்சலோடும் சொல்லலாம். நான் வயிற்றெரிச்சலோடுதான் சொல்வேன். ஒவ்வொரு தடவையும் அதைத் தூக்கியவன் நான். என் பெயர் பாண்டிதுரை. இராஜபாளையத்தில் குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறேன். பேண்டேஜ் கம்பெனிகளுக்குத் துணி பண்டல் ஏற்றி இறக்குவது தொழில். சுமை தூக்குகிறவன் என்று தெரிந்துவிட்டால் தெருவில் அவனுக்கு ஓய்வு கிடையாது.

விஷயம் இதுதான். எங்கள் தெருவில் எந்த வீட்டுப் பெண்ணைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்தாலும், அந்த வீடு இருபதே நிமிடத்தில் வேறு வீடாகிவிடும். எங்கள் பிரிட்ஜ் போகும். மகாலட்சுமி மதினி வீட்டு சோபா போகும். ராம்கி வீட்டுப் பெரிய டிவி சுவரேறும். ஜன்னலுக்குத் திரை, மேசைக்கு விரிப்பு, பெண்ணின் கழுத்துக்கு யார் வீட்டுச் சங்கிலியாவது. வந்தவர்கள் தெருமுனை தாண்டியதும் எல்லாம் அதனதன் வீட்டுக்குத் திரும்பிவிடும். இதைப் பொய் என்று யாரும் நினைப்பதில்லை. கட்டிக்கொண்டு போகப் போவது பெண்ணைத்தானே, பிரிட்ஜை இல்லையே.

இந்தப் படைக்குத் தளபதி அனுசியாக்கா.

அனுசியாக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. சின்ன வயதில் ஆறு பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருவன் உயரம் அதிகம் என்றான், இன்னொருவன் நிறம் குறைவு என்றான். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த ஆறாவது ஆள் மூன்று தட்டு கேசரி சாப்பிட்டுவிட்டு, பெண் அதிகமாகச் சிரிக்கிறது என்று சொல்லி அனுப்பினான். அதற்கும் அக்கா சிரித்தார். அதன் பிறகு அவருடைய அம்மா படுத்துவிட்டதால் யாரும் வரவில்லை, வரச் சொல்லவும் இல்லை. அம்மா போய்ச் சேர்ந்தபோது அக்காவுக்கு நாற்பத்தொன்று.

ஆனால் தெருப் பெண்கள் பதினேழு பேரை அவர்தான் கரையேற்றினார். கேசரி அவர் கை. எந்தச் சாமான் எந்த மூலையில் நிற்க வேண்டும் என்பது அவர் கண். மாப்பிள்ளையின் அம்மா உட்காரும் இடத்திலிருந்து பார்த்தால் ஒழுகுகிற சுவர் தெரியக் கூடாது என்று அங்கே பிரிட்ஜை நிறுத்தச் சொல்வார். முதுகு ஒடிய நான் நிறுத்துவேன். "ஏலே பாண்டி, செத்த இடது பக்கம்" என்பார். இடது பக்கம் நகர்த்தினால் வலது பக்கம் என்பார். எல்லாம் ஒழுங்கானதும் பின்கட்டு அடுப்படியில் போய் உட்கார்ந்துகொள்வார். நல்ல காரியத்தில் முன்னால் நிற்கக் கூடாது என்று அவராகவே வைத்துக்கொண்ட சட்டம் அது. எனக்கு அந்தச் சட்டத்தின் மேல் ரொம்பக் கோபம். சொன்னால் கேட்கிற ஆளா அவர்.

முப்பது வருஷமாக பேண்டேஜ் கம்பெனியில் துணி சுருட்டினார். ஊர் உலகத்தில் எவன் மண்டை உடைந்தாலும் அதற்குக் கட்டுத்துணி தான் சுருட்டியது என்று பீற்றிக்கொள்வார். போன வருஷம் அவருடைய வலது மணிக்கட்டே முடங்கிப்போனது. சுருட்டுகிற வேலை போய், லேபிள் ஒட்டுகிற அரைநாள் வேலை மட்டும் மிச்சம். அது வாடகைக்குப் போகும், சோற்றுக்குப் போகாது. சாப்பிட்டாயா என்று கேட்டால் பெரிதாக ஏப்பம் விட்டுக் காட்டுவார். அந்த ஏப்பத்தை நாங்கள் யாரும் நம்பவில்லை. ஆனாலும் தட்டில் சோறு போட்டுக் கொண்டுபோனால் அவர் வாங்க மாட்டார்.

ஒருநாள் போகிற போக்கில் ஒரு செய்தி சொன்னார். மதுரையில் ஒரு டாக்டர் வீட்டில், படுக்கையில் கிடக்கும் அம்மாவுக்குத் துணையாக அங்கேயே தங்கும் வேலை இருக்கிறதாம். அடுத்த மாதம் ஒன்றாம் தேதி போகிறாராம். வீட்டைக் காலி செய்கிறாராம். இதைச் சொல்லிவிட்டு, என் மனைவி ஜெயசித்ரா வைத்த குழம்பில் உப்பில்லை என்றும் சொன்னார். ஜெயசித்ரா அன்று ராத்திரி சாப்பிடவில்லை. காரணம் உப்பல்ல.

இ-சேவை மையம் நடத்துகிற ராம்கிதான் வழி கண்டுபிடித்தான். கல்யாணம் ஆகாத, வசதியில்லாத, ஆதரவுக்கு ஆளில்லாத, ஐம்பது தாண்டிய பெண்களுக்குத் தாலுகா ஆபீசில் மாதாமாதம் உதவித்தொகை உண்டு. ஆயிரத்து இருநூறு ரூபாய். அரைநாள் வேலையோடு அதுவும் சேர்ந்தால் அக்கா தெருவை விட்டுப் போக வேண்டாம். கேட்டதும் அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"கல்யாணம் ஆகலன்னா கெவர்மெண்டு துட்டு குடுக்குமா? மொதல்லயே சொல்லியிருந்தா ஆறு தடவ பஜ்ஜி சுட்ட எண்ணெயாவது மிச்சமாயிருக்குமே."

சிரித்தாலும் கையெழுத்துப் போட்டார். மனு போயிற்று. கிராம உதவியாளர் சங்கையா அண்ணன் வந்து வீட்டைப் பார்த்தார். பாத்திரங்கள், ஒரு டிரங்குப் பெட்டி தவிர வேறொன்றும் இல்லை என்று எழுதிக்கொண்டு போனார். அடுத்து வருவாய் ஆய்வாளர் நேரில் வந்து பார்த்து எழுத வேண்டும். அவர் எழுதுவதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒன்றாம் தேதிக்குப் பதினோரு நாள் இருந்தது. அக்காவின் பை கட்டப்பட்டு மூலையில் இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணி சுமாருக்கு சங்கையா அண்ணன் ராம்கிக்கு போன் போட்டார். மேடம் கிளம்பிவிட்டார்கள், அரைமணி நேரத்தில் அனுசியாம்மா வீட்டைப் பார்க்க வருகிறார்கள் என்றார். ராம்கி தெருவில் நின்று அதை அப்படியே சொன்னான். அக்காவோ ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தார்.

இந்த இடத்தில் எங்களுக்கு என்ன ஆயிற்று என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. வீடு பார்க்க வருகிறார்கள் என்ற சொல் காதில் விழுந்ததும் மகாலட்சுமி மதினி சோபாவின் ஒரு முனையைத் தூக்கிவிட்டார். ராம்கி டிவியைக் கழற்றினான். ஜெயசித்ரா ரவையை வறுத்தாள். நான் பிரிட்ஜைக் கட்டிப்பிடித்தேன். பதினேழு கல்யாணம் பழகிய கை. கை வேலை செய்யும்போது மூளை லீவு போட்டுவிடுகிறது. அதோடு உள்ளுக்குள் ஒரு நினைப்பும் இருந்தது. எல்லோர் வீட்டையும் ஜோடித்த மனுஷி, அவர் வீட்டைப் பார்க்க ஒரு ஆபீசர் வரும்போது வெறும் தரையிலா உட்கார வைப்பது? ஒழுகுகிற சுவருக்கு முன்னால் பிரிட்ஜை நிறுத்தினேன். இடது பக்கம் செத்த நகர்த்தவும் செய்தேன்.

அக்கா ரேஷன் பையோடு தெருவுக்குள் வந்தார். தன் வீட்டு வாசலில் திரைச்சீலையைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"யார் வீட்டுப் பிள்ளையப் பாக்க வாராக? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. ஏட்டி சித்ரா, ரவைய எம்புட்டு போட்ட?"

உன்னைத்தான் பார்க்க வருகிறார்கள் என்று ஜெயசித்ரா சொன்னாள். அக்கா ஏதோ சொல்ல வாயைத் திறப்பதற்குள் மதினி அவருக்குப் பட்டுச்சேலையைச் சுற்றிவிட்டார். கழுத்தில் சங்கிலி ஏறியது, தலையில் இரண்டு முழம் மல்லிகை ஏறியது. தெருமுனையில் ஸ்கூட்டி திரும்பியது. அக்காவைப் பிடித்து சோபாவில் உட்கார வைத்தோம். முப்பது வருஷத்துக்குப் பிறகு அவர் பெண் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தார். ரொம்ப அழகாக இருந்தார் என்பதை நான் சொல்லியாக வேண்டும்.

வருவாய் ஆய்வாளர் ஸ்ரீப்ரியா ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். முப்பது வயதுகூட இருக்காது. மூக்குக்கண்ணாடி, கையில் ஒரு பைல். உள்ளே வந்தவர் நின்றுவிட்டார். பின்னால் வந்த சங்கையா அண்ணன் பிரிட்ஜைப் பார்த்தார், டிவியைப் பார்த்தார், பிறகு தான் வந்தது சரியான வீடுதானா என்று வாசல் கதவையே பார்த்தார். அவர் நெற்றியில் வேர்வை பொங்கியது. எழுதிக் கொடுத்தது அவரல்லவா.

கேசரி வந்தது, பஜ்ஜி வந்தது, பின்னாலேயே காபி வந்தது. சோபாவில் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த மேடம் எதையும் தொடவில்லை. பைலைத் திறந்து படித்தார். அண்ணாந்து பார்த்தார். திரும்பப் படித்தார். பிறகு பேனாவைத் திறந்து, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதத் தொடங்கினார்.

"குளிர்சாதனப் பெட்டி, ஒண்ணு."

அப்போதுதான் என் மூளை லீவு முடிந்து வேலைக்குத் திரும்பியது. அவர் எழுதிக்கொண்டிருப்பது சாமான் பட்டியல் இல்லை, அக்காவின் மதுரை டிக்கெட். ஜெயசித்ராவைப் பார்த்தேன். தட்டோடு அப்படியே நின்றிருந்தாள், அவளுக்கும் விளங்கிவிட்டது. நான் ஓடிப்போய் பிரிட்ஜைக் கட்டிக்கொண்டு, இது என்னுடையது, கதவில் என் மகள் வரைந்து ஒட்டிய படம்கூட இருக்கிறது, மீசை வைத்த பூசணிக்காய் மாதிரி இருப்பது நான்தான் என்றேன். மேடம் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். ஒத்துப்போனது போல.

"சரி. ஒங்களோடதுன்னா தூக்கிட்டுப் போங்க, பாப்போம்."

தூக்கினோம். வருகிறபோது இருபது நிமிடம், போகிறபோது ஒன்பது. டிவி இறங்கியது. திரை போனது. சோபாவைத் தூக்க வேண்டும் என்பதால் மேடத்தை எழுந்திருக்கச் சொன்னோம். அவர் எழுந்தார். காபி டம்ளர் தங்களுடையது என்று பக்கத்து வீட்டுப் பெண் சொல்ல, அவசர அவசரமாகக் குடித்துவிட்டுக் கொடுத்தார். சங்கிலியை மதினி கழற்றினார். சேலை மட்டும் இருக்கட்டும் என்று பெரிய மனது பண்ணினார். கடைசியில் ஒரு டிரங்குப் பெட்டி, அடுப்பு, குடம், பாய், மூலையில் கட்டி வைத்த பை. பட்டுச்சேலையும் மல்லிகையுமாக நடுவில் அக்கா. ஒழுகுகிற சுவர் பளிச்சென்று தெரிந்தது.

மேடத்துக்கு முதலில் தோள் குலுங்கியது. பிறகு கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பு அடங்கவே இல்லை. அக்காவும் கூடச் சேர்ந்துகொண்டார். அதிகமாகச் சிரிக்கிற பெண் அல்லவா. அப்புறம் இருவரும் பாயில் உட்கார்ந்தார்கள். எழுதியதைக் கோடு போட்டு அடித்துவிட்டு, மேடம் அடுத்த கேள்விக்குப் போனார்.

"ஆதரவுக்கு யாராவது இருக்காங்களாம்மா? இல்லன்னுதானே எழுதணும்?"

வாசலில் நாங்கள் பதினைந்து இருபது பேர் நின்றோம். ஆளுக்கொரு சாமான் கையில். யாரும் இல்லை என்று முதலில் சொன்னவள் ஜெயசித்ரா. எனக்கும் இவருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது என்றாள், கேசரிச் சட்டியைப் பிடித்துக்கொண்டு. தனக்கு அந்தம்மாவின் பெயரே சரியாகத் தெரியாது என்றான் ராம்கி. மனுவை எழுதியதே அவன். தானும் இவருடன் பேசியே பல வருஷம் ஆகிறது என்றார் மதினி. அவருடைய சேலை அக்காவின் மேல் இருந்தது. நானும் தெருவில் இறக்கி வைத்த பிரிட்ஜில் சாய்ந்தபடி, யாரென்றே தெரியாது என்று சத்தியம் பண்ணினேன்.

அக்கா எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். சிரிப்பு நின்றிருந்தது. மேடத்தின் பக்கம் குனிந்து மெதுவாகத்தான் சொன்னார், ஆனாலும் எங்களுக்குக் கேட்டது.

"அந்த ஒரு எடத்த மட்டும், இவிய போன பொறவு எழுதிக்கிடுங்க மேடம்."

மேடம் எங்களைப் போகச் சொல்லிக் கதவைச் சாத்தினார். உள்ளே என்ன பேசினார்கள் என்பது தெரியாது. கதவு திறந்தபோது பஜ்ஜித் தட்டு காலியாக இருந்தது. சங்கையா அண்ணன் என்னைப் பார்த்து, இன்னொரு தடவை ஒரு ஸ்பூன் இடம் மாறினாலும் சும்மா விட மாட்டேன் என்று விரலை ஆட்டிவிட்டு ஸ்கூட்டியில் ஏறினார்.

ஒன்றாம் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் உத்தரவு வந்தது. ராம்கி அச்செடுத்துக் கொடுத்தான். அக்கா அதை முழுக்கப் படித்தார். தன் பெயருக்குப் பக்கத்தில் 'ஆதரவற்ற' என்று இருந்த இடத்தில் கொஞ்சம் நின்றார். பையை அவிழ்த்துத் துணிகளைப் பெட்டியில் வைத்தார். பிறகு நேரே எங்கள் வீட்டுக்கு வந்து, தன் வீட்டில் கூரை ஒழுகும், காகிதம் நனைந்துவிடும் என்று சொல்லி, பிரிட்ஜ் கதவில் மீசை வைத்த பூசணிக்காய்க்குப் பக்கத்தில் காந்தத்தை வைத்து ஒட்டிவிட்டுப் போனார்.

போன வெள்ளிக்கிழமை மகாலட்சுமி மதினியின் மகள் பானுப்பிரியாவைப் பெண் பார்க்க வந்தார்கள். பிரிட்ஜ் போனது. காகிதத்தை எடுக்க மறந்துவிட்டேன். மாப்பிள்ளையின் அம்மா தண்ணீர் குடிக்கிற சாக்கில் கிட்டப் போய், கதவில் இருந்ததை எழுத்து எழுத்தாகப் படித்தார். ஆதரவில்லாத இந்த அனுசியா யார் என்று கேட்டார்.

மதினி அடுப்படிக்குப் போய், கேசரிக் கரண்டியோடு உட்கார்ந்திருந்த அக்காவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து கூடத்தின் நடுவில் நிறுத்தினார்.

"பொண்ணுக்கு அத்த" என்றார்.