கொங்சி கொடுத்த வரிசைகள்

விளையாட்டில் ஜெயிப்பது கெட்ட காரியமா என்று என் ஆறு வயது மகள் கேட்டாள்.

சுங்கைப் பட்டாணியில் கணினி பழுதுபார்க்கும் கடையில் ஓர் அண்ணனை நானும் மகளும் சந்தித்தோம். மூக்கில் ஒரு கண்ணாடி, நெற்றியில் இன்னொன்று. உள்ளங்கை அளவுக் கணினி ஒன்றில், கட்டைகள் விழும் விளையாட்டை இருவர் ஆடும்படி உருவாக்கிக்கொண்டிருந்தார். துணைக்கு ஆளில்லாததால் அவருடைய இடது கையும் வலது கையுமே மோதிக்கொள்ளும்.

“பாப்பா, வா லா. என் இடது கைக்கு லீவு குடு.”

ஒருவர் வரிசையை நிரப்பினால் அது மற்றவர் பக்கம் போய் அடியில் சேரும்; அடுக்கு உச்சியை முட்டினால் அந்த மற்றவர் தோற்றார். “அங்கிளுக்குக் கொங்சி குடுத்தேன்!” என்று மகள் குதித்தாள். எதையும் தம்பியோடு கொங்சி பண்ண, அதாவது பகிர்ந்துகொள்ள, நான்தான் பழக்கியிருந்தேன். மேலும் மேலும் கொடுத்தாள்.

“நீ குடுத்த கொங்சியிலயே அங்கிள் செத்துட்டேன் லா!” என்று அவர் சிரித்தார்.

மகள் அழுதுவிட்டாள். அடுத்த ஆட்டத்தில் ஒரு வரிசையைக்கூட நிரப்பாமல் வேண்டுமென்றே தோற்றாள்.

அவர் என் பக்கம் திரும்பினார். “இது என் கேம்ல உள்ள தப்பா, தங்கச்சி?”

நான் பழக்கியதில் உள்ள தப்போ என்று எனக்குக் குழப்பம். அடுத்த ஆண்டு அவள் பள்ளிக்குப் போகிறாள். அவளுக்கு என்ன சொல்வது? தெரிந்தவர்கள் எழுதுங்களேன்.