எந்தப் பக்கம் நின்று பார்ப்பது

பேகம்பூர் கமர்ஜஹானுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, இறங்கும். திண்டுக்கல் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் அவரிடம் இயற்பியல் படிக்கும் பிள்ளைகளுக்கு இது நன்றாகத் தெரியும். மேடம் மெதுவாகப் பேச ஆரம்பித்தால் வகுப்பில் மூச்சுச் சத்தம் கூட இருக்காது. இரண்டு மூன்று வருடமாக அவர் மெதுவாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். எல்லாம் ஒரே ஒரு வாக்கியத்தால் வந்த வினை.

படிகங்களை ஆராய்வது அவர் வேலை. கற்கண்டுத் துணுக்கு மாதிரி ஒரு படிகத்தின் மேல் எக்ஸ்ரே கதிரை விட்டால் அது புள்ளி புள்ளியாகச் சிதறும். புள்ளிகளின் பிரகாசத்தை அளந்தால், உள்ளே அணுக்கள் எப்படி உட்கார்ந்திருக்கின்றன என்று சொல்லிவிடலாம். ஆனால் கதிரும் ஓர் அலைதான். அது நேராக அதிர்கிறதா, சாய்ந்து அதிர்கிறதா என்பதைப் பொறுத்துப் பிரகாசமும் மாறும். பாடப்புத்தகத்தில் இதைத் தளவிளைவு என்பார்கள். எவ்வளவு சாய்வு என்று எழுதி வைக்காவிட்டால் அந்த அளவுகளை வைத்து இன்னொருவர் கணக்குப் போட முடியாது.

எழுதுவதில்தான் வில்லங்கம். கதிர் புறப்படும் இடத்தில் நின்று பார்த்தால் வலப்பக்கம் சாய்ந்திருப்பது, படிகத்தின் பக்கம் நின்று எதிரே பார்த்தால் இடப்பக்கம் சாய்ந்து தெரியும். தரவுக் கோப்பில் வரும் சொற்களுக்கு உலகம் முழுவதற்கும் பொதுவாகப் பொருள் வரையறுக்க ஒரு குழு இருந்தது. சம்பளம் கிடையாது, சண்டை மட்டும் உண்டு. அதில் கமர்ஜஹான் ஆசை ஆசையாகச் சேர்ந்தார். எந்தப் பக்கம் நின்று பார்ப்பது என்பதையும் வரையறையிலேயே எழுதிவிடுவோம் என்று கேட்டார். அவர் கேட்டது அவ்வளவுதான்.

அந்தக் குழுவில் ஒருவர் ஆட்சேபம் சொன்னால் போதும், வாக்கியம் பழையபடி முதலுக்குப் போய்விடும். ஒருவர் இது சொல்லாமலே விளங்கும் என்றார். இன்னொருவர் அதே சொல்லாமல் விளங்கும் விஷயத்தை நேர்மாறாக விளங்கி வைத்திருந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் மெச்சிக்கொண்டு கூட்டத்தை முடித்தார்கள். கம்ப்யூட்டரை மூடிவிட்டுச் சோறு வடிக்கப் போகும் கமர்ஜஹானுக்குக் கண்ணில் நீர் முட்டும். அழுகை இல்லை, ஆத்திரம்.

இதற்கு நடுவில், வடக்கே ஒரு பெரிய கதிர்க்கூடத்தில் அவருடைய படிகத்துக்கு நேரம் ஒதுக்கினார்கள். காத்துக் காத்துக் கிடைத்த நேரம். இரவு பகலாகக் கருவியை விட்டு நகர முடியாத வேலை, பார்த்தால் அதே வாரம் குழுவின் கூட்டம். தான் இல்லாவிட்டால் வாக்கியத்தை மறுபடி குழப்பிவிடுவார்கள் என்று பயந்து, உடன் வேலை பார்க்கும் ஸ்டீபன்ராஜை ரயிலேற்றி அனுப்பிவிட்டு இவர் கூட்டத்தில் உட்கார்ந்தார்.

ஒரு வழியாக வாக்கியம் நிறைவேறியது. படிகத்தின் பக்கம் நின்று, கதிர் வரும் திசையை நோக்கிப் பார்க்க வேண்டும். இனி யாருக்கும் குழப்பம் இல்லை. அடுத்த மாதமே தன் கட்டுரையை அனுப்பிவிட உட்கார்ந்தார். ஸ்டீபன்ராஜ் கொடுத்த குறிப்பில் சாய்வு எட்டு டிகிரி, வலப்பக்கம் என்று இருந்தது. எங்கே நின்று பார்த்தது என்று இல்லை. போனைப் போட்டார்.

"சார், வலப்பக்கம்னு எழுதியிருக்கீங்களே, எங்க நின்னு பாத்தீங்க?"

"நாற்காலி கெடந்த பக்கம் மேடம்."

"நாற்காலி எந்தப் பக்கம் கெடந்துச்சு?"

கூடம் முழுக்கக் கண்ணாடி, எந்தப் பக்கமிருந்தும் பார்க்கலாம், நாற்காலியை யார் எங்கே இழுத்துப் போட்டார்களோ என்றார் அவர். கூடத்துக்காரர்களைக் கேட்டால், அந்தக் கருவியைக் கழற்றி வேறு மாட்டியாகிவிட்டது என்றார்கள். கமர்ஜஹான் இரண்டு விதமாகவும் கணக்குப் போட்டுப் பார்த்தார். இரண்டும் அளவுகளோடு பொருந்தின. ஆனால் வலப்பக்கம் என்றால் அவர் சொல்லவந்தது நிற்கும், இடப்பக்கம் என்றால் கட்டுரையே இல்லை.

கணவர் முகமது யாசினுக்குத் தோல் வியாபாரம். மனைவி சாப்பிடாமல் இருப்பதைப் பார்த்துப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"வலப்பக்கம்னே போட்டு அனுப்பு கமரு. யாரு வந்து பாக்கப் போறா?"

"யாரும் பாக்க மாட்டாங்க. அதான் எனக்குப் பயமா இருக்கு."

குரல் மிகவும் இறங்கியிருந்தது.

தெரியாத அளவுக்குக் கோப்பில் கேள்விக்குறி போட வேண்டும் என்பது விதி. கமர்ஜஹான் சாய்வுக் கோணம் என்ற இடத்துக்கு வந்தார். மேலே அவர் சண்டை போட்டு வாங்கிய வாக்கியம், ஒரு சொல் பிசகாமல் இருந்தது. அதன் கீழே கேள்விக்குறியைப் போட்டு அனுப்பினார். புது வரையறைப்படி நிரப்பப்பட்ட முதல் கோப்பு அதுதான் என்று வாழ்த்திக் குழுவிலிருந்து மறுநாள் செய்தி வந்தது.